உறைந்துபோன மருந்து

வெள்ளத்துக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த சனங்கள் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகள் எந்த முகாமில் இருக்கிறார்கள், யாருக்கு இன்சுலின் தீரப்போகிறது, யாரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்ற கணக்கெல்லாம் அவள் தலையில்தான் இருந்தது. தலைக்கனமும் அங்கேயேதான் இருந்தது.

மூன்றாம் வகுப்பு அறையில் தையல்காரியின் மகளுக்கு விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

"என்னடி குடுத்தே புள்ளைக்கு?"

"ஒண்ணும் குடுக்கலக்கா. ஊசி நேரத்துக்குப் போட்டேன்."

"அப்ப ஊசி பொய் சொல்லுதாக்கும்? நிவாரணத்துல வந்த பிஸ்கட் எங்கே போச்சு? புள்ள வாயைக் கட்டத் துப்பில்ல, கண்ணைக் கசக்க மட்டும் தெரியுது."

பின்னால் நின்ற வரிசை சிரித்தது. "அக்கா வாயில விழுந்தா எழுந்திரிக்க முடியாது" என்றான் வெல்டர். தையல்காரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனாள். சற்று நேரத்தில் பக்கத்து அறையிலிருந்து மரக்கோல் விழும் சத்தமும் பிள்ளையின் அலறலும் வந்தன. ஊசியக்கா அடுத்த பிள்ளையின் விரலைப் பிடித்தாள்.

மறுநாள் காலை தையல்காரி மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நீங்க சொன்னது சரிதான்க்கா. நாலு போட்டதும் ஒத்துக்கிட்டா. திருடித் தின்னாளாம். இப்ப வாந்தியா எடுக்குறா."

பிள்ளை மூச்சை இழுத்து இழுத்து விட்டது. காலில் கோல் தடம். சர்க்கரை நேற்றைவிட மேலே போயிருந்தது. அடுத்து வெல்டரின் மகன், அவனுக்கும் அப்படியே. அதற்கடுத்த பிள்ளைக்கும் அப்படியே. ஒரு பிள்ளை பிஸ்கட் திருடலாம். எல்லாப் பிள்ளைகளுமா?

மூவருக்கும் அவள் கொடுத்தது கடைசியாகக் கொண்டுவந்த பெட்டி மருந்து. ஐஸுக்கும் மருந்து பாட்டிலுக்கும் நடுவில் அட்டையும் துண்டும் வைப்பதுதான் வழக்கம். அன்று மீன் சந்தையில் கேட்டதற்கு மேலேயே ஐஸ் கிடைத்த குஷியில் பாட்டில்களை அதற்குள் புதைத்துக் கொண்டுவந்தாள். திறந்தபோது மருந்து கல்லாக உறைந்திருந்தது. உறைந்த இன்சுலின் தண்ணீருக்குச் சமம், கொட்டிவிட வேண்டும். இது அவளுக்குத் தெரியாததல்ல. உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றினாள். உருகித் தெளிந்தது. நன்றாகத்தானே இருக்கிறது என்று கொடுத்துவிட்டாள். அதை அவள் மறக்கவில்லை. நினைக்காமல் இருந்தாள், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னாள். புது மருந்தோடு வண்டி அனுப்புவதாகவும், வாந்தியெடுக்கும் பிள்ளையை உடனே கொண்டுவரும்படியும் சொன்னார்கள். அருகில் நின்ற முகாம் டிரைவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கம்பெனி மருந்தே சரியில்லன்னு அடிச்சு விடுங்க. இந்த வெள்ளத்துல எவன் போய்க் கேக்கப்போறான்?" என்றார் தாழ்ந்த குரலில்.

அவளுக்கு அது இனித்தது. ஒரு கணம்தான் என்றாலும் இனித்தது.

முகாம் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்த தையல்காரியிடம் போனாள். "புள்ள எதுவும் திங்கல. மருந்து கெட்டுப்போச்சு. ஐஸ்ல உறைய விட்டது நான்தான். தெரிஞ்சும் குடுத்தேன்."

தையல்காரி மகளின் காலைப் பார்த்தாள்.

"நான் அடிச்சப்ப நீங்க பக்கத்து ரூம்லதானே இருந்தீங்க?"

"ஆமா."

"சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

திட்டுவாள் என்று ஊசியக்கா காத்திருந்தாள். திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். தையல்காரி பிள்ளையின் காதருகே குனிந்து, "நீ திங்கலதானேடா கண்ணு?" என்றாள்.

பிள்ளை அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு, "தின்னேன்மா, இனிமே திங்கமாட்டேன்" என்றது.

கூட ஏறக் காலெடுத்து வைத்தாள் ஊசியக்கா.

"நீங்க வராதீங்க" என்றாள் தையல்காரி. "டிரைவர் அண்ணன் போதும்."

ஜீப் சேற்றை வாரியிறைத்துக்கொண்டு போனது. ஊசியக்கா வகுப்பறைக்குத் திரும்பி, வரிசையின் முன்னால் நின்று, எல்லாரும் மருந்து பாட்டிலைத் திருப்பித் தரவேண்டும் என்றும் ஏன் என்றும் சத்தமாகச் சொன்னாள். வெல்டர்தான் முதலில் வந்தான். பாட்டிலை அவள் நீட்டிய கையில் கொடுக்காமல், பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போனான்.