மத்தாப்புப் பெட்டியில் இரண்டு பேர்

1
இதுக்கு மீசையே தேவலாம் என்று நினைத்தாள் இருளம்மாள். முதலாளி ரத்தினசாமியின் மேசைமேல் கம்பி மத்தாப்புப் பெட்டி. அதன் லேபிளில் அவளும் ரோஜாவும் பட்டுச்சேலையில் தோளோடு தோள் ஒட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

(முதலில், ‘டெல்லியில் நீதிபதிகள்...’ என்று தொடங்கி அடித்துவிட்டேன். டெல்லியிலிருந்து இந்த மத்தாப்புக் கம்பெனி இருக்கிற எம். புதுப்பட்டிக்கு நேர் பஸ் கிடையாது.)

2
ஒரு தீபாவளிக்கு நான் வாங்கிய பெட்டியில் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். இந்தக் கதைக்கு அவ்வளவுதான் ஆதாரம். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

லேபிளுக்குப் போட்டோ எடுத்த அன்று மாப்பிள்ளை வேஷக்காரர் வரவில்லை. ரத்தினசாமி பேக்கிங்கில் இருந்த இந்த இருவரையும் நிறுத்தி, ‘ஜோடி மத்தாப்பு’ என்று பெயரும் வைத்தார். நன்றாக ஓடியது. ஒரே வீட்டில் வாழ்ந்த இருவரும் ஒரு லேபிளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். வருகிறவர்கள் கம்பெனி விளம்பரம் என்று நினைத்தார்கள்.

(‘அவர்களுடைய கல்யாணப் போட்டோ அது ஒன்றுதான்’ என்று எழுதியிருந்தேன். இருளம்மாள் அப்படிச் சொன்னதே இல்லை. ஆனால் தினமும் துடைப்பாள்.)

3
2009 ஜூலை. வயதுவந்த இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ மனமொத்துப் பழகுவது குற்றமில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. செய்தியைப் பார்த்த ரோஜா, “இம்புட்டு நாளும் குத்தமாக்கும்? தெரிஞ்சிருந்தா கொஞ்சம் பயந்திருக்கலாம்ல” என்றாள்.

(நாலு வருஷத்தில் அந்தத் தீர்ப்பு மாறும், பிறகு இன்னொரு தரம் மாறும். அவளிடம் சொல்லவில்லை. சீசன் நேரம்.)

மறுநாள் விருதுநகர் வியாபாரி போனில் சிரித்தார்: “என்ன அண்ணாச்சி, கோர்ட்டுக்கு முந்தியே நீங்க தீர்ப்பு சொல்லிட்டீகளே.”

ரத்தினசாமிக்குத் தூக்கம் போயிற்று. ரோஜாவுக்குக் கம்ப்யூட்டரில் மீசை வைக்கச் சொன்னார். அது அவளுக்கு ரொம்பப் பொருந்திவிட்டதில் இன்னும் பயந்தார்.

4
இந்தத் தடவை மாப்பிள்ளை வேஷக்காரர் வந்துவிட்டார். ஜிப்பாவில் வியர்த்தபடி முதலாளியின் மேசைப் பக்கத்தில் நின்றார்.

“செத்த நேரந்தான் தாயி. இவுக பக்கத்துல வந்து நில்லு. ரோஜாவ எடுத்துருவோம்” என்றார் ரத்தினசாமி, இருளம்மாளிடம்.

இங்கே அவளுக்கு ஒரு நீண்ட வசனம் எழுதினேன். ‘எங்கள் காதலை இந்த உலகம்...’ அவள் படித்துவிட்டு, யார் பேசுறா என்று கேட்டாள்.

முடிவு அ: வேலை போகிறது. முடிவு ஆ: வடக்கேயிருந்து பெரிய ஆர்டர் வருகிறது. முடிவு இ:

இருளம்மாள் பெட்டியை எடுத்துப் பார்த்தாள்.

“இருக்கட்டும் அண்ணாச்சி. இதுல எடமில்ல.”

திரும்பிப்போய் ரோஜாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து லேபிள் ஒட்டினாள். கடைசி வரிக்காக ரோஜாவின் கையைப் பிடிக்கச் சொன்னேன்.

“கையெல்லாம் பசை. வீட்டுல போயிப் பிடிச்சுக்கிறோம்.”

வீட்டுக்கு என்னைக் கூப்பிடவில்லை. நீங்கள் வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.