பின்னறைக்கு மேலே

“அக்கா, ஏணி எங்க? உங்கட சீலிங்குக்குள்ள நான் ஒருக்கா ஏறிப் பாக்கவேணும்.”

கேட்டே விட்டாள் றோஷினி. ஒக்லண்ட் ஹாபர் பாலத்தில் கார் ஏறின நேரம் தொட்டு, இதை மட்டும் கேட்காதே என்றுதான் அம்மா இராசமலர் சொல்லிக்கொண்டு வந்தாள். “குசினியைப் பார், ஜன்னல் கேட்டினைப் பார், நல்லாயிருக்கெண்டு சொல்லு, சாப்பிடு. மேல ஏறப் போறன் எண்டு மட்டும் நிக்காதை.” போன வருடம் றோஷினி, தெரிந்தவர் தவராசாவின் வீட்டில் ஏறி, கூரை ஒழுகுவதைக் கண்டுபிடித்து இறங்கி, சபையில் சொல்லியும் வைத்தாள். அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து கிறிஸ்மஸ் கேக் வருவதில்லை.

கிளென்ஃபீல்டில் அந்தப் புது வீட்டை ஃபாதர் மந்திரித்து, கராஜ் வரைக்கும் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டுக்காரி றெபேக்கா, றோஷினியின் பெரியம்மாவின் மகள். ஊரில் இரண்டு தரம் ஏ லெவல் எழுதிக் கைவிட்டவள், ஜெனிஸ்ரனைக் கட்டி வந்தாள், ஆறு வருடத்தில் நாலு அறை வீடு. றோஷினியோ அந்தக் குடும்பத்தில் முதன்முதல் டிகிரி எடுத்தவள். எல்லர்ஸ்லி ஒபிசில் இருந்து நாள் முழுக்க மற்றவர்களின் வீட்டு வரைபடங்களைக் கட்டடச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வேலை. வீட்டுச் சூடு வெளியே போகாமல் இருக்கச் சுவருக்கு எவ்வளவு பஞ்சு, சீலிங்குக்கு எவ்வளவு. சூட்டை மறிக்கும் அளவுக்கு ‘ஆர்’ என்று பெயர்; ஒக்லண்ட் சீலிங் என்றால் ஆர் 1.9. அதற்குக் குறைந்தால் சிவப்புப் பேனை.

அவளும் அம்மாவும் இருப்பது பென்ரோஸ் பக்கம் ஒரு வாடகை யூனிட்டில். அறுபதுகளில் கட்டினது. சீலிங்குக்கு மேல் தூசியைத் தவிர ஒன்றுமில்லை. ஜூலைக் குளிர் பிறந்தால் சுவர் வியர்க்கும், அம்மாவுக்கு இருமல் தொடங்கும். வாடகைக்கு விட்ட வீட்டுக்காரனிடம் றோஷினி சண்டைக்குப் போனாள். “அந்தச் சட்டம் புது வீட்டுக்குத்தானே,” என்று சிரித்தான். அவன் சொன்னது சரி என்பதுதான் அவளுக்கு ஆத்திரம். சட்டத்தின் ஒவ்வொரு பக்கமும் அவளுக்குப் பாடம், அதில் அம்மாவின் நெஞ்சுச் சளிக்கு ஒரு வரியும் இல்லை.

இதெல்லாம் பழைய எரிச்சல். இன்றைக்கு நெருப்பு வைத்தது றெபேக்கா. றோல்ஸ் தட்டை நீட்டிக்கொண்டே சொன்னாள்: “சின்னம்மா இனி எங்களோட இருக்கட்டும். பின்னறை அவவுக்குத்தான். உங்கட யூனிட் குளிருக்கு அந்த இருமல் எந்தக் காலம் மாறும்?”

அம்மா மாட்டேன் என்று சொல்லவில்லை. பின்னறைக்குள் போய்க் கேட்டினைத் தடவிப் பார்த்தாள். கைப்பையிலிருந்த செபமாலையை எடுத்து ஜன்னல் கொளுக்கியில் மாட்டினாள். அதைக் கண்டதும்தான் றோஷினி ஏணியைக் கேட்டது.

“எடி, விசரே உனக்கு?” என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

“ஏறட்டும் சின்னம்மா,” என்றாள் றெபேக்கா. “இன்ஸ்பெக்டர் பாத்துப் பாஸ் பண்ணின வீடு. டிகிரிக்காரியும் ஒருக்காப் பாஸ் பண்ணட்டுமன்.”

சபை சிரித்தது. றோஷினி சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கொரிடோர் சீலிங்கின் சதுர மூடியைத் தள்ளி மேலே ஏறினாள்.

ரோர்ச் வெளிச்சத்தில் கண்ணாடிப் பஞ்சு வரிசை வரிசையாய், மெத்தை விரித்ததுபோல் கிடந்தது. மரச்சட்டத்துக்கு மரச்சட்டம் நெருக்கமான, பிழை பிடிக்க முடியாத வேலை. அவளுக்கு வயிறு எரிந்தது. ஒரு கிழிசலாவது இருக்கக்கூடாதா, கடவுளே? முழங்காலில் தவழ்ந்து வீட்டின் பின்பக்கம் போனாள்.

பின்னறைக்கு மேல் ஒன்றுமே இல்லை. வெறும் சீலிங் அட்டை.

கொழுக்கட்டை கிடைத்த குழந்தைபோல ஏணியில் இறங்கினாள். “அம்மா, எழும்புங்கோ, போவம். மற்ற அறையெல்லாம் முழுக்கப் பஞ்சு. உங்களுக்குத் தந்த அறைக்கு மட்டும் ஒரு துண்டும் இல்லை. இதை விட எங்கட யூனிட் திறம்!”

றெபேக்காவின் முகம் வெளிறியது. ஜெனிஸ்ரன் மனைவியைப் பார்த்தான். மூலையில் பற்றீஸ் கடித்துக்கொண்டிருந்த அவனுடைய தகப்பன் ஏர்னஸ்ட் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

“அது நான்தான் பிள்ளை கழட்டினது. போன கிழமை.”

“ஏன் அங்கிள்?”

“மன்னாரில எங்கட வீடு தகரக் கூரை. மத்தியானம் அந்தச் சூடு உச்சந்தலையில இறங்கும். இஞ்சயும் தகரம்தானே? வாற வெயிலைக் கீழ விடாமல் இந்தப் பஞ்சு மறிச்சுக்கொண்டு கிடக்கு. தங்கச்சி குளிருக்கு இருமுறா எண்டு மருமகள் சொன்னா. அதுதான் அந்த அறைக்கு மட்டும் வெயில் இறங்கட்டும் எண்டு எடுத்தனான்.”

“அங்கிள், வெயில் எத்தினை மணித்தியாலம்? ராத்திரி எத்தினை மணித்தியாலம்? அறைக்குள்ள இருக்கிற சூடு முழுக்க அந்த ஓட்டையாலதான் மேல போகும்!”

ஜெனிஸ்ரன் சிரித்தான். “அப்பா, தெய்வமே!” எல்லோருக்கும் சிரிப்புப் பொங்கியது. றெபேக்கா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

அம்மா சிரிக்கவில்லை. “எனக்காகவோ அண்ணை ஏறினனீங்கள்? இந்த முழங்காலோடயோ?”

ஏர்னஸ்டை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். றோஷினிக்கு அந்த இடத்திலேயே ஏணியை உதைத்து விழுத்தலாம்போல இருந்தது. இரண்டு குளிர்காலம் ஹீட்டரை அம்மா பக்கம் திருப்பி வைத்துவிட்டு இரண்டு சோடி சொக்ஸ் போட்டுப் படுத்தவள் அவள். அம்மா அவளை ஒருநாள் இப்படிப் பார்த்ததுண்டா? தேடிப் பிடித்த பிழையும் கடைசியில் அந்த வீட்டாரின் அன்பாகவே போய்விட்டதே!

“கழட்டின பஞ்சு எங்க?” என்று கேட்டாள்.

“எறிய மனமில்லை. கராஜில மூண்டு அரிசிச் சாக்குக்குள்ள கட்டி வச்சிருக்கிறன்,” என்றார் ஏர்னஸ்ட்.

“அப்ப பிறகென்ன?” அம்மா மகளைப் பார்த்தாள். “உனக்குத் தெரிஞ்ச வேலைதானே. நீயே போட்டு விடன், பிள்ளை.”

வீட்டுக்குப் போவோம் என்று அம்மா சொல்லுவாள் என்றுதான் றோஷினி அந்தக் கடைசி நிமிடம் வரை நினைத்திருந்தாள்.

மூன்று சாக்கையும் ஜெனிஸ்ரன் மேலே தூக்கிக் கொடுத்தான். ஒவ்வொரு துண்டாய் உதறி, பொங்கவிட்டு, மரச்சட்டங்களுக்கிடையில் வைத்தாள். கை அரித்தது, கழுத்து அரித்தது. கடைசித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். ஒரு சாண் இடைவெளி விட்டால் ஆருக்குத் தெரியும்? இருமல் நிற்காது, அம்மா தன்பாட்டில் திரும்பி வருவாள். கீழே அம்மா இருமினாள். றெபேக்கா அவளுக்குச் சுடுதண்ணி எடுத்துக்கொண்டு போவது கேட்டது.

றோஷினி துண்டை மூலைவரை தள்ளி, விளிம்பை விரலால் சரிபார்த்து, மூடியைப் போட்டுவிட்டு இறங்கினாள். பொறாமை இம்மியும் குறையவில்லை.

“கை கழுவிப்போட்டுச் சாப்பிடு,” என்றாள் றெபேக்கா.

“வேண்டாம் அக்கா. இப்ப 1.9 வந்திட்டுது. இனி ஆரையும் மேல ஏற விடாதேங்கோ.”

“நான் இன்னும் சாப்பிடேல்லை, எங்க போறாய்?” அம்மா பின்னறை வாசலில் நின்றாள்.

“நீங்கள் இருங்கோ. செவ்வாய்க்கிழமை உங்கட உடுப்பும் மருந்தும் கொண்டுவந்து தாறன்.”

“அப்ப நீ?”

“திங்கட்கிழமை யூனிட்டை விடுறதாச் சொல்லப் போறன். நான் வேற எங்கயாவது ஒரு அறை பாத்துக்கொள்ளுவன். இதுபோல பஞ்சு போட்ட புது வீட்டில.”

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், இருமல் வந்து மறித்தது. றோஷினி வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் தன்னுடையதைத் தேடி எடுத்தாள், போட்டுக்கொண்டு காருக்கு நடந்தாள்.