ஆறு நிமிடத்துக்கு ஒரு வினைச்சொல்

அறிக்கை எழுதப் பழகும் மாலை வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். இடப்பக்கம் சப்பென்ற சொற்கள்: இருந்தது, நடந்தது, காணப்பட்டது. வலப்பக்கம் அவற்றுக்குப் பதிலாக எழுத வேண்டியவை: தூண்டியது, முடக்கியது, புறக்கணித்தது. ஆய்வறிக்கையில் வினைச்சொல்தான் பாரம் சுமக்க வேண்டும் என்று டீச்சர் சொன்ன நாளில் தொடங்கியது. இன்று வலப்பக்கத்தில் ஒரு சொல்லை அடித்தேன். ஏன் என்பதை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவை ஆலையில் நான் குமாஸ்தா. செவ்வாய் மாலை தேய்ப்பு இயந்திரத்தின் சூட்டு உருளையில் துணி சிக்கிக்கொண்டது. இடுப்பு உயரக் கம்பத்தில் இருக்கும் சிவப்பு விளக்கு எரிந்தது. இயந்திரத்தை ஓட்டும் அக்கா ஆறு நிமிடம் கழித்துத்தான் நிறுத்தினார். அதற்குள் முப்பத்தெட்டு விரிப்புகள் கருகிவிட்டன. அப்போது நான் வகுப்புக்குக் கிளம்பிப் போயிருந்தேன். மறுநாள், காரணத்தை ஆராய்ந்து எழுதும்படி மேனேஜர் என்னிடம் சொன்னார்.

முதலில், “விளக்கு எரிந்தும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது” என்று எழுதினேன். சப்பென்று இருந்தது. பட்டியலைப் பார்த்து, “இயக்குபவர் எச்சரிக்கை விளக்கைப் புறக்கணித்தார்” என்று மாற்றினேன். வாக்கியம் நிமிர்ந்து நின்றது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நகல் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோனேன். டீச்சர் அந்தச் சொல்லின் கீழே கோடு போட்டு, ஓரத்தில் “ஆதாரம்?” என்று எழுதித் தந்தார். பாராட்டவில்லையே என்றுதான் அன்று வருந்தினேன்.

இன்று காலை அக்காவை இயந்திரத்திலிருந்து எடுத்து, அழுக்குத்துணி பிரிக்கும் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். நாளை விசாரணை. அதற்குப் பிறகு வேலை இருக்குமோ இருக்காதோ. அறிக்கையில் அவரிடம் கையெழுத்து வாங்க நான்தான் போக வேண்டியிருந்தது.

“வாடி, எழுத்தாளரம்மா,” என்றார், கையுறையைக் கழற்றாமல். “பதினோரு வருஷத்த ஒரே வார்த்தையில முடிச்சிட்டியே. கெட்டிக்காரிதான்.”

“மெஷின் பதிவுல ஆறு நிமிஷம்னு இருந்துச்சுக்கா...”

“ஆறு நிமிஷம் சரி. பாத்தும் பாக்காத மாதிரி இருந்தேன்னு எந்த மெஷின் உங்கிட்ட சொல்லிச்சு? விளக்கு தெரிஞ்சாத்தானேடி பாக்க? எவளோ புண்ணியவதி, மலை மாதிரி துணி ஏத்துன தள்ளுவண்டிய அதுக்கு நேர் முன்னால விட்டுட்டுப் போயிருந்தா. கருகுற நாத்தம் வந்துதான் எனக்கே தெரிஞ்சுது.”

செவ்வாய் மாலை ஐந்தரைக்கு அந்த வண்டியைக் கிடங்குவரை தள்ள நேரமில்லாமல் பாதியில் விட்டவள் நான். பஸ் போய்விடும். அன்றைக்கு வினைச்சொல் பற்றி இரண்டாம் பாடம்.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? கையெழுத்து போடவா, வேணாமா?”

“வேணாம்க்கா,” என்றேன். அந்தப் புண்ணியவதி நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

மேசைக்குத் திரும்பிப் புதுத்தாளில், “விளக்கைத் தள்ளுவண்டி மறைத்தது” என்று எழுதினேன். துல்லியமான சொல்தான். ஆனால் வண்டி என்ன, கால் முளைத்துத் தானாகவா வந்து நின்றது? அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்: “குமாஸ்தாவாகிய நான் தள்ளுவண்டியை முன்னால் நிறுத்தி விளக்கை மறைத்தேன். இயக்குபவர் அதைப் பார்த்தாரா என்று கேட்காமலே அவர்மீது குற்றம் சுமத்தினேன்.” கீழே கையெழுத்துப் போட்டேன்.

மேனேஜர் நிதானமாகப் படித்தார். “நாளைக்கு விசாரணைக்கு அவங்க வரவேணாம். நீ வா,” என்றார்.

மாலையில் அக்கா மறுபடியும் இயந்திரத்தில் நின்றார். விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. நாலு வார்த்தை ஏசுவார், வாங்கிக்கொள்ளலாம் என்று வேண்டுமென்றே அந்த வழியாகப் போனேன். அவர் ஒரு தள்ளுவண்டியை ஓரமாக நகர்த்தி எனக்கு வழிவிட்டார்.

“போங்க,” என்றார்.

நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த இந்த மூன்று வருடத்தில் அவர் என்னை ‘டி’ போடாமல் பேசியதே இல்லை.