வீரய்யாவின் கேட் பாஸ்

திருமயம் பைபாஸ் ஓரத்துக் கிரானைட் பட்டறையில், செத்தவர்களின் பெயர்களுக்கு மூன்று வாரமாகத் தங்க நிறம் பூசிக்கொண்டிருந்தாள் ராசாத்தி. கறுப்புப் பலகை ஒன்றுக்கு இருநூறு பெயர். மெஷின் வெட்டிய எழுத்துக் குழிக்குள் மெல்லிய பிரஷ்ஷால் பெயிண்டை விட்டு, வெளியே வழிந்ததைத் தின்னர் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். எல்லாம் வடக்கத்தி எழுத்து. பட்டறையில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. செத்தவன் எழுந்து வந்து தப்புக் கண்டுபிடிக்கவா போகிறான் என்பது முதலாளி லக்ஷ்மணனின் கட்சி.

வடக்கே அந்த நகரம் பூகம்பத்தில் சரிந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த ஊருக்கு இப்போதுதான் துக்கம் பொங்கியிருந்தது. நினைவுச் சுவர், மியூசியம், நீரூற்று, கார் நிறுத்தும் இடம் என்று அமர்க்களப்படுத்தினார்கள். இருபது பலகையில் நான்கு பலகை நன்கொடையாளர்களுக்கு. செத்தவர் பெயர் அரை அங்குலம். பணம் கொடுத்தவர் பெயர் இரண்டு அங்குலம்.

அந்த ஊரில்தான் ராசாத்தியின் புருஷன் வீரய்யாவும் செத்துப்போனார். கொத்து வேலைக்குப் போன இடம். பாதி எழும்பிய ஐந்து மாடிக் கட்டடத்துக்குக் கீழேயே படுக்கை. கூட்டிக்கொண்டு போன மேஸ்திரியும் அதற்குள்ளேயே போய்விட்டதால் சாட்சி சொல்லவும் ஆள் இல்லை. உடம்பும் வரவில்லை, தாளும் வரவில்லை. ஊர் வாக்காளர் பட்டியலில் இன்றைக்கும் அவர் சௌக்கியமாக இருக்கிறார். தேர்தல் தவறாமல் எவனோ அவருக்காக விரலில் மை வைத்துக்கொள்கிறான். வீட்டு மனைப் பட்டா அவர் பேரில் இருந்தது. செத்ததற்குச் சான்று இல்லாமல் பட்டா மாறாது. பட்டா மாறாமல் அரசாங்க வீடு கிடையாது. போன மழைக்குப் பக்கச் சுவர் விழுந்த வீட்டில், தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு கிடந்தாள் ராசாத்தி.

பட்டறையில் கம்ப்யூட்டர் பார்க்கும் நித்யாவிடம் ஒருநாள் மதியம் போய் நின்றாள்.

"ஏத்தா, அவுக பேரு இந்தப் பட்டியல்ல இருக்கான்னு பாரேன்."

"பேரச் சொல்லுங்கக்கா."

ராசாத்தி சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில்கூடப் பக்கத்தில் நிற்பவரைத்தான் சொல்லச் சொல்லுவாள். மறுநாள் சுருக்குப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். கடைசிப் பொங்கலுக்கு வந்தபோது சட்டைப் பையில் மறந்துவிட்டுப் போன கேட் பாஸ். போட்டோவில் மீசையோடு வீரய்யா, கீழே இங்கிலீஷில் பெயர், கம்பெனி முத்திரை.

பட்டியலின் இங்கிலீஷ் பிரதியில் நித்யா இரண்டு தடவை தேடினாள். "இல்லக்கா. அந்த ஊர்ல வீடு, கார்டு இருந்தவங்க பேரு மட்டுந்தான் போட்டிருக்காங்க. வேலைக்கு வந்தவங்க யாருமே இல்ல."

"அப்ப வேலைக்கு வந்தவுக மேல கட்டடம் விழுகலையாமா?"

"வெள்ளிக்கெழம அந்த நினைவுச் சுவரு கமிட்டி செக்ரட்டரி வாராரு. கார்டக் காட்டிக் கேளுங்க. இன்னாரு இங்க செத்தாருன்னு அவங்க லெட்டர் ஒண்ணு குடுத்தாப் போதும்."

வெள்ளிக்கிழமை செக்ரட்டரி வந்தார். லக்ஷ்மணன் மாலை போட்டார், இளநீர் கொடுத்தார். நன்கொடைப் பலகையின் முன் அரைமணி நேரம் நின்று, கமிட்டித் தலைவரின் பெயரை டேப் வைத்து அளந்தார் செக்ரட்டரி. செத்தவர்களின் பலகைகளைக் காரில் ஏறப் போகும் வழியில் பார்த்தார்.

ராசாத்தி குறுக்கே போய் நின்றாள். பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. பெரிய மனுஷருக்கு ஒற்றைக் கையால் நீட்டக் கூடாது என்று அட்டையை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினாள்.

"இந்தம்மா புருஷன் அந்தப் பூகம்பத்துல செத்தவரு சார்" என்று லக்ஷ்மணன் இங்கிலீஷில் எடுத்துக் கொடுத்தார்.

செக்ரட்டரியின் முகம் மலர்ந்தது. மியூசியத்துக்கு இப்படிப்பட்ட பொருள்தான் கிடைக்காமல் அலைகிறோம் என்றார். அட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண் ஈரமாகக்கூட ஆனது. நல்ல பழக்கமுள்ள கண்.

நித்யா ஓடி வந்தாள். "சார், அவங்க குடுக்கல. காட்டுறாங்க. பேரச் சேக்கணும், ஒரு லெட்டர் வேணும்."

பட்டியல் மூடி சீல் வைத்தாயிற்று என்றார் செக்ரட்டரி. பட்டியலில் இல்லாதவருக்கு லெட்டர் கொடுக்க விதி இல்லையாம். அட்டை அப்போது அவர் தோல்பைக்குள் இருந்தது.

"ஐயா, அது எனக்கு வேணுமுங்க" என்றாள் ராசாத்தி.

லக்ஷ்மணன் பல்லைக் கடித்தார். "சும்மா இரு. கண்ணாடிப் பொட்டிக்குள்ள ஏசி போட்டு வைக்கப் போறாக. ஓங்கிட்ட இருந்தா கரையான் திங்கும். இன்னும் பாதிப் பில்லு பாஸாகணும், கெடுத்துறாத."

கார் கிளம்பிப் போனது.

பத்து நாள் கழித்து மியூசியத்துக்கான சிறு கற்களுக்கு ஆர்டர் வந்தது, வெளியூர்க்காரர்களும் படிக்க இங்கிலீஷில். உடைந்த பலகைகளின் ஓரத்தை அறுத்து, உள்ளங்கை அகலத்தில் நாற்பது கல் வெட்டினார்கள். பன்னிரண்டாவது கல்லை ராசாத்தி முன் வைத்துவிட்டு நித்யா அங்கேயே நின்றாள்.

"என்னத்தா?"

"இது அந்தக் கார்டுக்குக் கீழ வைக்கிற கல்லுக்கா."

"என்னான்னு எழுதிருக்கு?"

நித்யா விரலை வைத்துப் படித்தாள். "பெயர் தெரியாத தொழிலாளியின் அனுமதிச் சீட்டு. வழங்கியவர், லக்ஷ்மணன், திருமயம்."

"அட்டையிலதான் பேரு இருக்கே."

"கேட்டேங்கா. பட்டியல்ல இல்லாத பேரக் கல்லுல போடக் கூடாதுங்கிறாங்க."

ராசாத்தி பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். எழுந்து போய் லக்ஷ்மணனின் மேசை முன் நின்றாள். உதடு இரண்டு தடவை அசைந்தது.

"வீரய்யா" என்றாள். "எம் புருஷன் பேரு வீரய்யா."

கட்டர் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. லக்ஷ்மணன் போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

"எனக்குத் தெரியாதா ராசாத்தி? நானா பட்டியல் போட்டேன்? போ, சாயங்காலம் லாரி வருது." பின்னாலேயே கல்லை எடுத்துக்கொண்டு வந்த நித்யாவிடமிருந்து அதை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "கீழ் வரி ஆழமா விழுகல பாரு. எம் பேருக்கு மட்டும் ரெண்டு கோட்டு பெயிண்ட் அடிச்சிரு."

ராசாத்தி கல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிரஷ்ஷைத் தங்கப் பெயிண்டில் தோய்த்து, 'பெயர் தெரியாத' என்று நித்யா விரல் வைத்துப் படித்த இடத்திலிருந்து பூச ஆரம்பித்தாள்.