சாவிக்காரரின் சிரிப்பு

தெரு தன்பாட்டுக்கு நடக்க வேண்டும், கேமரா இருப்பதே தெரியக் கூடாது. இதுதான் தெருவைப் படமெடுக்கும் படக்காரம்மாவின் பிடிவாதம். யாராவது கேமராவைப் பார்த்துத் தொலைத்தால் அந்தப் படத்துண்டை அன்றைக்கே அழித்துவிடுவாள். போகப் போகத் தெருவே பழகிக்கொண்டது. கடையில் சாவி ராவிக்கொடுக்கும் சாவிக்காரர் மட்டும் பழகவில்லை. மனுஷன் லேசுப்பட்டவரா! தெருமுனையில் அவள் தலை தெரிந்ததுமே அரத்தைக் கீழே வைத்து, முடியைக் கோதிவிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார்.

"அண்ணே, என்னைப் பாக்காதீங்க. வேலையைப் பாருங்க."

"நீ பாட்டுக்கு எடும்மா. சிரிச்சா குறைஞ்சா போயிடுவேன்?"

தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அழிப்பாள்.

போன வாரம் கடைக்கதவை இழுத்து மூடியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. இன்று அவர் மனைவி மூச்சு வாங்க படக்காரம்மாவின் மாடிப்படி ஏறி வந்து நிற்கிறாள்.

"வீட்டுல போட்டோ எடுக்கறதெல்லாம் அவருதாம்மா. அவரை யாரு எடுத்தா? அடையாள அட்டையில ஒண்ணு இருக்கு, அதுல முறைச்சுக்கிட்டு இருக்காரு. சிரிச்ச மூஞ்சி உங்கிட்ட நிறைய இருக்குன்னு தெனமும் சொல்வாரு. ஒண்ணே ஒண்ணு குடு."

அழித்தது அழித்ததுதான், அதே மெமரி கார்டில் அப்புறம் எத்தனையோ தடவை தெரு ஏறிவிட்டது. ஆனாலும் படக்காரம்மா அவளை உட்காரவைத்துத் தேடினாள். பஸ் வந்தது, பழவண்டி வந்தது, சொறிந்துகொள்ளும் நாய்கூட வந்தது. கடைசியில் ஒரு துண்டு: சாவிக்காரர் குனிந்து ராவிக்கொண்டிருக்கிறார், முதுகு தெரிகிறது. எதிலோ மும்முரம். கழுத்து மெல்லத் திரும்புகிறது.

மறுபடி பஸ்.

"ஐயோ, திரும்பறாரே! அப்புறம்?"

"அவ்வளவுதான் அண்ணி."

"இன்னும் கொஞ்சம் ஓடவிடும்மா. திரும்பியிருப்பாரு. எனக்குத் தெரியாதா அவரை?"

மென்று விழுங்கி என்ன ஆகப்போகிறது? "திரும்பினாரு. நான்தான் வெட்டிட்டேன். கேமராவைப் பாத்துட்டாரு அண்ணி, அதான்."

அந்த அம்மாள் திட்டவில்லை, அழவும் இல்லை. புரியாமல்தான் கேட்டாள்.

"கேமராவை எதுக்கும்மா பாக்கறாரு? உன்னைத்தானே பாத்துச் சிரிச்சாரு?"

படக்காரம்மா திரையை அணைக்கப் போனாள்.

"சரி, அந்த முதுகையாவது போடு" என்றாள் அண்ணி.

போட்டாள். கழுத்து திரும்பத் தொடங்கியது, பஸ் வந்தது.

"இன்னொரு வாட்டி."