பச்சைக் கோட்டு போய்ச் சேர்ந்த விலாசம்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் ஆரம்பித்தது. பொய் சொன்னது நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைக் கேவலமாகப் பார்க்க வேண்டாம்.

நான் எழுத்தாளன் இல்லை. ஐந்தாவது வரை படித்தவன். லாரி எடை மேடையில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து சீட்டு எழுதியவன். சரக்கோடு லாரியை நிறுத்தும்போது உள்ளே நாலு பேர் பதுங்கியிருப்பார்கள். இறக்கிவிட்டு வெற்று லாரியை நிறுத்தும்போது அந்த நாலு பேரும் டீக்கடையில் இருப்பார்கள். அவர்கள் எடையும் சரக்குக் கணக்கில் ஏறிவிடும். இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு ஒருத்தனையும் நம்பத் தோன்றுவதில்லை.

இப்போது சங்கத்துப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். நோட்டில் பேனாவால் எழுதுவேன். என் மூத்த மகள் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பாள். எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம்: நான் எழுதியதில் கை வைக்கக் கூடாது. சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்றால் அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்ளலாம்.

[எழுத்துப் பிழையைத் திருத்துவேன். அதுவும் ஒப்பந்தத்துல இருக்கு. – மகள்]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கடல் தாண்டி ஒரு கிடங்கு இருந்தது. அந்தக் கிடங்கில் ஒரு திருடன் இருந்தான். அவனுக்கு ஒரு கண்"

அடித்துவிட்டேன். அந்தத் திருடனை நான் பார்த்ததில்லை. அவன் திருடவும் இல்லை.

இரண்டாவது: "அவள் அந்தக் கோட்டைப் பார்த்தாள். அதுவும் அவளைப்"

இது சினிமா. வேண்டாம். நடந்தது நடந்தபடி.

மூத்தவள் ஆசைப்பட்டது ஒரு பச்சைக் கோட்டு. உள்ளே கடுகு நிறத் துணி. விற்கிற கம்பெனிக்கு உலகமெல்லாம் கடை இருக்கிறது. ஆனால் இந்தக் கோட்டை மட்டும் ஒரே ஒரு நாட்டில்தான் விற்பார்களாம், அந்த நாட்டு விலாசத்துக்குத்தான் அனுப்புவார்களாம். ஏன் என்று மூத்தவளைக் கேட்டேன். "எல்லாருக்கும் கிடைச்சா அதுல என்னப்பா இருக்கு?" என்றாள். இதைவிட யோக்கியமான ஆட்களை எடை மேடையில் பார்த்திருக்கிறேன்.

இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. அந்த நாட்டில் ஒருவன் கிடங்கு வைத்திருக்கிறான். நம் பேருக்கு ஒரு பெட்டி எண் தருவான். கடைக்காரனுக்கு அந்தக் கிடங்கு விலாசத்தைக் கொடுக்க வேண்டும். சாமான் அங்கே போகும். அவன் அதைப் பிரித்து, மறுபடி கட்டி, நமக்கு அனுப்புவான்.

"பிரிப்பானா? அவன் எதுக்குப் பிரிக்கிறான்?"

"பெட்டி பெருசா இருந்தா செலவு ஜாஸ்திப்பா. சின்னதா கட்டுவாங்க."

"சின்னதா கட்டுறப்ப உள்ள இருக்கறதும் சின்னதாயிடும்."

"உனக்கு உலகத்துல எல்லாருமே லாரிக்காரங்கதான்."

3

இப்போது ஒரு பாத்திரம். இவளைக் கதைக்குள் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் இளைய மகள்.

அந்தக் கோட்டு விற்கிற நாட்டில்தான் அவள் இருக்கிறாள். கடைக்கும் அவள் வீட்டுக்கும் பஸ்ஸில் இருபது நிமிஷம். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதை இரண்டு வரியில் முடிந்திருக்கும். ஆனால் அக்காவும் தங்கையும் பேசி நாலு வருஷம் ஆகிறது.

[இது இப்ப தேவையா? – மகள்]

தேவையா என்று இந்த இடத்தில் கேட்பாள். தேவை.

ஒரு விசேஷத்துக்கு மூத்தவள் பூப்போட்ட சட்டை ஒன்று போட்டு வந்தாள். இளையவள் பத்துப் பேர் முன்னால், "ஜன்னல் திரையைக் காணோமேன்னு தேடுனேன்க்கா, நீ போட்டுக்கிட்டு நிக்கறே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.*

* அது தப்புதான். ஆனால் நிஜமாகவே திரை மாதிரிதான் இருந்தது.

[அப்பா!]

அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் தங்கை போடுகிற போட்டோ ஒன்றையும் மூத்தவள் விடுவதில்லை. அப்படி ஒரு போட்டோவில், தங்கையின் தோளுக்குப் பின்னால், கடைக் கண்ணாடிக்குள் தொங்கியதுதான் இந்தப் பச்சைக் கோட்டு.

[அதை நீ எப்பப் பார்த்தே?]

எப்போது பார்த்தாய் என்பாள். எனக்கும் கண் இருக்கிறது.

4

ஆர்டர் போட்ட அன்றைக்குத் தண்ணீர் மோட்டார் ரிப்பேர்காரர் வந்துவிட்டார். மூத்தவள் அவரைக் கூட்டிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். ஓடும்போது, "அப்பா, எல்லாம் போட்டுட்டேன். தள்ளுபடி முடியப்போகுது, அந்தக் கறுப்புப் பொத்தானை மட்டும் அமுக்கு. வேற எதையும் தொடாதே!" என்றாள்.

திரையில் இரண்டு விலாசம் இருந்தது. மேலே கிடங்கு. கீழே இளையவள் வீடு. ஒற்றுமையாக இருந்த காலத்தில், மூத்தவள் தங்கை குழந்தைக்கு இதே கடையில் ஏதோ வாங்கி அனுப்பியபோது போட்டது. (கம்ப்யூட்டரில் என்னென்னவோ செய்கிறவளுக்கு ஒரு விலாசத்தை அழிக்கத் தெரியாதா? நாலு வருஷமாக அழிக்கவில்லை. அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.)

ஒரு பக்கம் முகம் தெரியாதவன் கிடங்கு. இன்னொரு பக்கம் நான் பெற்ற பெண்ணின் வீடு. மனசுக்குள் எடை போட்டேன். கீழே இருந்ததைத் தொட்டேன். பிறகு கறுப்புப் பொத்தான்.

கடையிலிருந்து வருகிற மெயிலில் விலாசம் இருக்குமே என்பீர்கள். இருந்தது. அதை எந்தக் காலத்தில் யார் படித்தார்கள்?

[இப்பத்தான் திறந்து பார்த்தேன். இருக்கு. பத்து நாளா அந்தக் கிடங்கு ஆளைத் திட்டிக்கிட்டு இருக்கேன். நீயும் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுதானே இருந்தே?]

5

கடைக்காரன் "கொடுத்தாச்சு" என்றான். கிடங்குக்காரன் "வரவே இல்லை" என்றான். மூத்தவள் கிடங்கு ஆளைப் போனில் கிழி கிழி என்று கிழித்தாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்னப்பா ஆயிருக்கும்?"

"முழுங்கியிருப்பான்" என்றேன்.

முதல் வரியில் சொன்ன பொய் இதுதான். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன். கடைசியில் லாரிக்குள் பதுங்கியிருந்த ஐந்தாவது ஆள் நான்தான்.

6

போன புதன்கிழமை இளையவள் வீடியோவில் கூப்பிட்டாள். பச்சைக் கோட்டு போட்டிருந்தாள். கை விரல் வெளியே தெரியவில்லை.

"அப்பா, இங்க பாரு! அக்கா அனுப்பியிருக்கா. வாங்கினவங்கன்னு அவ பேர்தான் போட்டிருக்கு. ஒரு வரி எழுதலை பாரு, ரோஷக்காரி. ரெண்டு அளவு பெருசு. சின்ன வயசுல எனக்கு எடுப்பாளே, அதே மாதிரி, வளர்றதுக்கு இடம் விட்டு எடுத்திருக்கா."

நாற்பத்தோரு வயசு அவளுக்கு.

நான் "ம்" என்றேன். இதையும் பொய்க் கணக்கில் சேர்ப்பதா என்று தெரியவில்லை.

"நீ எதுவும் சொல்லிடாதேப்பா. ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு நானே அவளைக் கூப்பிடறேன். நாலு வருஷமாச்சு. வாய் விட்டது நான்தானே, நான்தான் முதல்ல பேசணும்." மூக்கைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். கோட்டின் கைதான் வந்தது.

மூத்தவள் விஷயம் தெரியாமல் போனை எடுத்தால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அதற்கப்புறம் இன்னொரு நாலு வருஷம். எனக்கு எழுபத்தெட்டு. மீதியை நீங்களே போட்டுப் பாருங்கள்.

நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் கதை.

7

மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: "அது என் கோட்டு, கழட்டுடி" என்கிறாள் மூத்தவள்.

இரண்டு: "ஆமா, உனக்குத்தான் அனுப்பினேன்" என்கிறாள். வீட்டில் பொய் சொல்கிறவர்கள் இரண்டு பேர் ஆகிறோம்.

மூன்று: நடந்ததைச் சொல்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டுகிறார்கள். என்னைத் திட்டுகிற விஷயத்தில் மட்டும் இந்த இரண்டுக்கும் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, ஆனால் இதை நான் எழுதினால்

வேண்டாம். முடிவை வாசகரிடம் விடுகிறேன். உங்களிடம் இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களை எனக்குத் தெரியாது. தெரியாதவர்களை நம்பி நான் எதையும் கொடுப்பதில்லை. எனக்கு முதல் வாசகி ஒருத்தி இருக்கிறாள். இந்த நோட்டை ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவள் கையில் கொடுப்பேன். அவள் அடிக்கிற வேகத்துக்கு இந்த வரிக்கு வரும்போது பதினொன்று ஆகும். நான் மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

[பத்து ஐம்பத்தெட்டு. கீழ இறங்கி வாப்பா, தொட்டி ரொம்பி வழியுது. அந்தத் திரைப் பேச்சை நான் இன்னும் மன்னிக்கலை, அதை இங்கயே எழுதி வெச்சுக்கறேன். அப்புறம், அவ சொன்னது தப்பு. ரெண்டு அளவு இல்லை, மூணு அளவு பெருசு. கொஞ்ச நாளா ரொம்ப இளைச்சுட்டா, போட்டோவுல பார்த்தேன். ஒழுங்கா சாப்பிடறாளா இல்லையான்னு நீயாவது கேட்டியா? சரி, போன் அடிக்குது. மிச்சத்தை]