பின் கிடங்கில் நாற்பது மூட்டை

போர்ட் பிளேரில் வெங்காய மொத்த வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவன் நான். அழகர்சாமி என்றால் பஜாரில் தெரியும். எங்கள் தொழிலில் ஒரே ஒரு ரகசியம்தான்: சென்னையிலிருந்து அடுத்த சரக்குக் கப்பல் என்றைக்கு வரும் என்பது. முதலில் தெரிந்துகொண்டவன் சரக்கைப் பதுக்குவான், மற்றவர்கள் அவன் வாசலில் வந்து நிற்பார்கள். பழைய முதலாளி கிருஷ்ணமூர்த்தி சொல்லிக்கொடுத்த வித்தை அது.

அவர் மகள் ஷோபனா, பிறந்த நாளிலிருந்து நான் பார்த்து வளர்ந்த பிள்ளை, கடைக்கு வந்து உட்கார்ந்ததும் அந்த வித்தைக்கு வேட்டு வைத்தாள். எங்களிடம் வாங்கும் நாற்பது சில்லறைக் கடைகளையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தாள். கப்பல் எங்கே வருகிறது, கிடங்கில் எத்தனை மூட்டை, இன்று என்ன விலை என்று தினமும் காலையில் போட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. கேட்டால், மெயின்லேண்ட் கம்பெனி ஒன்று செல்போனிலேயே ஆர்டர் எடுக்க வந்துவிட்டது, அவர்கள் விலையோடு மோத முடியாது, நம்மிடம் மிஞ்சியிருப்பது நாணயம் ஒன்றுதான், அதுவும் போனால் கடையை மூடவேண்டியதுதான் என்றாள். படித்த பிள்ளை, பேசத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன்.

போன ஐப்பசியில் கடல் கொந்தளித்துப் பத்து நாள் கப்பல் வரவில்லை. எனக்குக் கை அரித்தது. நாற்பது மூட்டையைப் பின் கிடங்கில் தள்ளிப் பூட்டிவிட்டு, சரக்கு தீர்ந்தது என்று ஷோபனாவிடம் சொன்னேன். அவளும் நம்பிக் குழுவில் போட்டாள். நாலு நாள் கழித்து நல்ல விலைக்கு விற்றுக் காட்டினால் வாயடைத்துப் போவாள் என்று நினைத்தேன்.

மறுநாள் சௌல்தாரியில் கடை வைத்திருக்கும் தங்கம்மா வந்தாள். இல்லை என்றேன். திரும்புகிற வழியில் பின் கிடங்கு ஜன்னலில் எட்டிப் பார்த்தவள், மூட்டைகளைப் படம் பிடித்துக் குழுவில் போட்டுவிட்டாள். "சப் ஜூட், எல்லாம் பொய்" என்று எழுதினார் பாராடாங் கடைக்காரர். திக்லிபூர்க்காரர் குழுவை விட்டே வெளியேறினார். அவர் பின்னால் இன்னும் மூன்று பேர் போனார்கள்.

ஷோபனா சாவியை வாங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். முகம் சிவந்திருந்தது. இன்றோடு நம் வேலை முடிந்தது என்று நின்றேன். அவள் போனில் எழுதி, அனுப்பும் முன் எனக்குப் படித்துக் காட்டினாள்.

"நாப்பது மூட்டை இருக்கு. இல்லன்னு சொன்னது தப்பு, தப்பு என்னோடது. போன வாரத்து வெலைக்கே கடைக்கு ஒண்ணு எடுத்துக்குங்க. ஷோபனா."

"பதுக்கினது நான்தானம்மா," என்றேன்.

"பாக்காம எழுதினது நான்தானே? உங்க பேர எதுக்குண்ணே பஜார்ல இழுக்கணும்? உங்க மேல கோவம் நெறைய இருக்கு. அத நாம தனியாப் பேசிக்குவோம்."

அனுப்பிவிட்டாள்.

நான் எத்தனையோ முதலாளிகளைப் பார்த்தவன். லாபம் வந்தால் முன்னால் நிற்பார்கள், பழி வந்தால் வேலைக்காரனைப் பிடித்துத் தள்ளுவார்கள். நானே மூட்டை தூக்குகிறவர்கள் மேல் எத்தனை தடவை தள்ளியிருக்கிறேன். இவளோ தான் செய்யாததற்கு ஊர் முன்னால் தலைகுனிந்து நின்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்படியொருத்தியிடம் வேலை பார்க்கிறோமே என்று பெருமையாகவும் இருந்தது.

நான் என் போனை எடுத்தேன். ஒற்றை விரலால்தான் எனக்குத் தட்டத் தெரியும்.

"மறைச்சது நான். அவங்களுக்குத் தெரியாது. அழகர்சாமி."

தங்கம்மாவிடமிருந்து பதில் வந்தது. "எனக்கு ஒண்ணு எடுத்து வைங்கண்ணே. வந்துட்டிருக்கேன்."